கொலுக்கூடத்துப் படம்

ஐப்பசி 19, திங்கள்

இன்று காலை கொலுக்கூடத்தில், ஜமீன்தார்கள் தர்பார் நடத்திய கூடத்தில், இருந்தவர்கள் இவர்கள். பிரம்பு நாற்காலியில் உலகம்மை நாச்சியார், வேலங்குளம் ஜமீனின் கடைசி ராணி, வயது எழுபத்தெட்டு. எதிரே நின்றது அவர்கள் கொழுந்தனார் மகன் மகேந்திரன். நான் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். நேரில் துரை என்பேன், எழுதும்போது அவன்தான். அவன் பக்கத்தில் மதுரையிலிருந்து வந்த ஜெசிந்தா. பழைய வீடுகளை ஊரார் வந்து பார்க்கும்படி ஒழுங்குபண்ணிக் கொடுப்பது அவர் வேலை. வாசல்படியில் வேன் ஓட்டுகிற இசக்கி, நனைந்த செருப்போடு. நாச்சியாரம்மாவின் நாற்காலிக்குப் பின்னால் நான், சுடலைவடிவு, எழுபத்தாறு. வேறு யாரும் இல்லை.

யார் எங்கே நின்றார்கள் என்பது எனக்கு மறக்காது. அறுபத்திரண்டில் நாச்சியாரம்மா கல்யாணமாகி இங்கே வந்தபோது சீரோடு சீராக என்னையும் அனுப்பினார்கள். எனக்குப் பதினாலு வயது. அன்று சமையல்கட்டில் ஏழு பேர் இருந்தார்கள். எனக்குத் தீய்ந்த சோற்றைச் சுரண்டிப் போட்டது காந்திமதி. அவள் செத்து முப்பது வருஷம் ஆகிறது. அதற்காக விட்டுவிட முடியுமா.

விஷயம் இதுதான். கார்த்திகை பதினைந்தாம் தேதி முதல் இந்த அரண்மனையை ஆட்கள் வந்து பார்க்கத் திறக்கிறார்கள். நாச்சியாரம்மா கையெழுத்துப் போடவேண்டும். பெண்கள் இருந்த உள்கட்டைத்தான் ஜனங்கள் ஆசையாகப் பார்ப்பார்களாம். ஜெசிந்தா சுவரில் இருக்கிற படத்தைக் காட்டினார். கீழே 'ராணி உலகம்மை நாச்சியார், 1966' என்று எழுதியிருக்கும் படம்.

“இதப் பெருசாக்கி வாசல்லயே வெச்சிடலாம்மா. உங்க இருபது வயசு முகம். உள்ள வர்றவங்க முதல்ல உங்களத்தான் பார்க்கணும்.”

நாச்சியாரம்மா படத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். நான் நாற்காலியில் பிரம்பு விட்டுப்போயிருந்த இடத்தைப் பார்த்தேன்.

“மத்த அரண்மனைகள்ல பொம்பளைக இருந்த எடத்த எப்பிடி வெச்சிருக்காகன்னு பார்த்துட்டுச் சொல்லுதேன்” என்றார்கள்.

“பெரியம்மா, நீங்க எப்படிப் போவீக?” என்றான் மகேந்திரன்.

“வேன்ல.”

இசக்கி சிரித்துவிட்டு, சிரிக்கவில்லை என்பது போல மழையைப் பார்த்தான்.

ஐப்பசி 20, செவ்வாய்

மழை. மேற்குக் கூரை ஒழுகி நாலு இடத்தில் பாத்திரம் வைத்தேன். நாச்சியாரம்மாவும் நானும் படத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஐப்பசி 23, வெள்ளி

எலுமிச்சை ஊறுகாய்க்கு வெயில் காட்ட முடியவில்லை. கொலுக்கூடத்துப் படங்களை எல்லாம் துடைத்தேன். மற்றப் படங்களை வெள்ளிக்கிழமை மட்டும்தான் துடைப்பது. அந்த ஒரு படத்தை மட்டும் தினமும். வாசல் தூசி நேரே அதில்தான் விழும்.

மறைக்க என்ன இருக்கிறது. படத்தில் இருப்பது நான்.

அந்தக் காலத்தில் இந்த வீட்டு மருமகள் முகத்தை அன்னிய ஆண் பார்க்கக்கூடாது. விரலைக்கூடப் பார்க்கக்கூடாது. அதனால் வெளி ஆள் யார் வந்தாலும் ராணிக்குப் பதிலாக நான் போய் நிற்பேன். தையல்காரர் மீரான் ராவுத்தர் ரவிக்கைக்கு அளவெடுத்தது என் தோளில். நான் அப்போது ஈர்க்குச்சி. வந்த ரவிக்கையை எல்லாம் உள்ளே உட்கார்ந்து இரண்டு பேரும் பிரித்துத் தைப்போம். வளையல்காரச் செட்டியார் அமுக்கிப் பார்த்தது என் கையை. நாச்சியாரம்மாவுக்கு என்னைவிடப் பெரிய கை. சோப்பு போட்டு ஏற்றும்போது கண்ணில் தண்ணீர் வந்துவிடும். “ஒனக்குத் தின்னாத்தான் என்னட்டி” என்று என்னைத்தான் திட்டுவார்கள். சாப்பிடச் சொல்லித் தன் இலையிலிருந்து கறியை எடுத்து வைப்பார்கள். அப்படியும் எனக்குச் சதை போடவில்லை.

அறுபத்தாறு தை மாதம் தென்காசியிலிருந்து படம் பிடிக்கிறவர் வந்தார். கொலுக்கூடத்தில் தலைமுறை தலைமுறையாக ஜமீன்தார்கள் படம் இருக்கிறது, ராணி படமும் ஒன்று இருக்கட்டும் என்று முடிவாயிற்று. மாமியார் பெரிய நாச்சியார் சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

“வீட்டு மருமக போட்டாக்காரன் முன்னால போயி ஒக்காரவா? வடிவ ஒக்கார வை. சேலையும் நகையும் நம்மதுல்லா. முகத்த யாரு பார்க்கப் போறா?”

நாச்சியாரம்மாதான் எனக்குத் தலைசீவி விட்டார்கள். ஒட்டியாணம் இடுப்பில் நிற்காமல் பின்னால் நூல் கட்டினார்கள். அட்டிகை கனமாக இருந்தது. அரைமணி நேரம் உட்கார்ந்தேன். கழற்றியபோது கழுத்து லேசாகிவிட்டது. அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

இதைத் தவிர என் இளவயதுப் படம் உலகத்தில் கிடையாது. என் கல்யாணத்துக்கும் எடுக்கவில்லை. நாச்சியாரம்மாவுக்கும் கிடையாது. அவர்களை முதன்முதலில் படம் எடுத்தது ஓட்டு அட்டைக்கு. அதில் களவாணி மாதிரி விழித்துக்கொண்டு இருப்பார்கள்.

ஐப்பசி 27, செவ்வாய்

பத்மநாபபுரம் அரண்மனை. நான், நாச்சியாரம்மா, ஜெசிந்தா, வண்டியில் இசக்கி.

பெண்கள் திரைக்குப் பின்னால் இருக்கும் கோஷா வழக்கம் எல்லாம் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆனாலும் நாச்சியாரம்மா ஆஸ்பத்திரி, கோயில், ஓட்டுச்சாவடி தவிர எங்கும் போனதில்லை. வழியில் ரோட்டோரக் கடையில் நிறுத்தச் சொன்னார்கள். இறங்கி நின்று டீ குடித்தார்கள். “சீனி கூட” என்று அவர்களே கடைக்காரரிடம் சொன்னார்கள். நான் எத்தனையோ கடையில் டீ குடித்திருக்கிறேன். இன்றைக்குக் குடித்ததுதான் நல்ல டீ.

அரண்மனை முழுக்க மரம். மாடிப்படி அத்தனையும் ஆள் குனிந்து ஏறுகிற மாதிரி. தரை கறுப்பாக, கண்ணாடி மாதிரி. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நடந்தால் குளத்துக்கல் போல ஜில்லென்றிருந்தது. எங்கள் அரண்மனைத் தரையில் நடந்தால் காரை ஒட்டிக்கொண்டு வரும்.

ஜெசிந்தா ஒரு சங்கதி சொன்னார். இந்த வம்சத்தில் ராஜாவின் மனைவி ராணி இல்லையாம். ராஜாவுடைய அக்கா தங்கச்சிதான் ராணியாம். அவள் பிள்ளைக்குத்தான் பட்டமாம்.

“அப்ப ராசா பெண்டாட்டி?” என்றேன்.

“அவங்க ராஜாவோட மனைவி, அவ்வளவுதான். பட்டம் கிடையாது.”

நாச்சியாரம்மா கொஞ்சம் யோசித்தார்கள். “எங்க நாத்தனாரு ஊரு மாறிப் பொறந்துட்டாக” என்றார்கள். அந்த நாத்தனார் முகம் எனக்கு அப்படியே கண்முன் வந்தது. சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் இருமல் வந்துவிட்டது. காவலுக்கு நின்ற ஆள் சத்தம் போடக்கூடாது என்றார். கட்டம் போட்ட சட்டை, இடது கையில் கயிறு. ஞாபகம் வைத்துக்கொண்டேன்.

நவராத்திரி மண்டபம் என்று கல்லிலே ஒரு மண்டபம். அங்கே ஆட்டமும் பாட்டும் நடக்குமாம். அரண்மனைப் பெண்கள் கிராதி அடித்த மரச்சட்டத்துக்குப் பின்னால் இருந்து பார்ப்பார்களாம். எங்கள் வீட்டிலும் கொலுக்கூடத்துப் பக்கம் அதே மாதிரி கிராதி உண்டு. அதன் பின்னால்தான் நாச்சியாரம்மா இருபத்தொன்பது வருஷம் உட்கார்ந்து ஊரைப் பார்த்தார்கள்.

இன்று மண்டபத்தில் நின்று கிராதியை வெளியிலிருந்து பார்த்தார்கள். நான் கூப்பிட்டும் வரவில்லை.

“ஏட்டி வடிவு. உள்ள ஆளு இருந்தா இங்கன இருந்து தெரியவே தெரியாது போலுக்கே.”

“அதுக்குத்தானேம்மா அடிச்சது.”

“உள்ள இருந்து பார்த்தா எல்லாம் தெரியும். அதனால வெளிய உள்ளவங்களுக்கும் என்னையக் கொஞ்சமாச்சும் தெரியும்னுல்லா நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

திரும்பி வரும்போது கருப்பட்டி வாங்கினோம். அளவு குறைவு.

ஐப்பசி 28, புதன்

நாச்சியாரம்மாவுக்கு முழங்காலில் வலி. தைலம் தேய்த்தேன். எனக்கு வலிக்கவில்லை என்றேன்.

கார்த்திகை 1, சனி

நேற்று மதுரை, இன்று ராமநாதபுரம். ராத்தங்கல் ஜெசிந்தா வீட்டில். அவர் அம்மா வைத்த மீன்குழம்பில் புளி தூக்கல். மரியாதைக்கு இரண்டாம் முறையும் வாங்கிக்கொண்டேன்.

திருமலை நாயக்கர் மகாலில் தூணைக் கட்டிப்பிடிக்க நாலு ஆள் வேண்டும். அண்ணாந்து பார்த்துப் பிடரி வலித்தது. நாச்சியாரம்மா, “பொம்பளைக இருந்த எடம் எங்க?” என்று கேட்டார்கள். இப்போது இருப்பது பழைய அரண்மனையில் ஒரு பங்குதானாம். ராணிகள் இருந்த பக்கம் போய்விட்டது என்றார் ஜெசிந்தா.

“ராசா ஒக்காந்த எடம் நிக்கி. அவக பொழங்குன எடம் போயிட்டு” என்றார்கள் நாச்சியாரம்மா. பிறகு ஒரு தூணடியில் உட்கார்ந்து முறுக்கு தின்றார்கள். அங்கே தின்னக்கூடாது. யாரும் பார்க்காமல் நான் மறைத்துக்கொண்டு நின்றேன். ஆளை மறைத்துக்கொண்டு நிற்பது எனக்குக் கைவந்த வேலை.

ராமநாதபுரம் ராமலிங்க விலாசத்தில் சுவரெல்லாம் சித்திரம். சேதுபதி ராஜா உட்கார்ந்திருக்கிறார், நிற்கிறார். அவரைச் சுற்றிப் பெண்கள். எல்லாருக்கும் ஒரே மூக்கு, ஒரே கண். ராஜா யார், அவர் பட்டத்துக்கு வந்தது எப்போது என்று ஜெசிந்தா கடகடவென்று சொன்னார்.

“இந்தப் பொண்ணு யாரு?” என்றேன்.

“தெரியலை ஆச்சி.”

“பக்கத்துல இருக்கது?”

“அதுவும் தெரியலை.”

நாச்சியாரம்மா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார்கள். “இதுல எவ ராணி, எவ வடிவுன்னு யாருக்குத் தெரியப்போகுது” என்றார்கள். ஜெசிந்தாவுக்குப் புரியவில்லை. நான் வாசல் பக்கம் நடந்தேன்.

வண்டி பரமக்குடி தாண்டியதும் சொல்லிவிட்டார்கள். ஊர் வம்பு பேசுவது போலச் சாதாரணமாகச் சொன்னார்கள்.

“கொலுக்கூடத்துப் படத்துல இருக்கது நான் இல்லம்மா. இவ.”

ஜெசிந்தா கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மூடாமலே வைத்திருந்தார். இசக்கி கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

“ஆச்சி, அது நீங்களா?”

“முன்ன பார்த்து ஓட்டுல.”

“இல்ல, மூக்கு அப்பிடியே—”

“ரோட்டப் பாரு.”

ஐம்பத்தெட்டு வருஷத்து விஷயம், பெரிய நாச்சியாருக்குப் பிறகு இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீடு வரும்வரை நான் பேசவில்லை. வந்தபிறகும் பேசவில்லை. பாலைச் சுடவைத்து மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

கார்த்திகை 3, திங்கள்

மகேந்திரன் வந்தான். ஜெசிந்தா சொல்லியிருக்கிறார். நான் காப்பித் தட்டோடு நிற்கும்போதே பேசினான். என்னை நாற்காலி மேசை மாதிரி நினைப்பது அவன் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம்.

“பெரியம்மா, அது உங்க படமாவே இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது? வேண்டாம்னா கழத்திருவோம். ரெண்டுல ஒண்ணு. வேலக்காரி படத்த ஜமீன்தாருக வரிசையில வெச்சு ஊரக் கூப்பிட்டுக் காட்ட முடியாது.”

“கழத்தி?”

“பழைய சாமான் அறையில போட்டுக்கிடலாம்.”

அந்த அறையில் கரையான் இருக்கிறது. எனக்குத் தெரியும், நான்தான் மண்ணெண்ணெய் ஊற்றுகிறேன். பல்லக்கின் ஒரு பக்கத்தையே தின்றுவிட்டது.

நாச்சியாரம்மா புதன்கிழமை சொல்கிறேன் என்றார்கள். எதுவாக இருந்தாலும் அதற்கப்புறம்தான் கையெழுத்து.

மத்தியானம் கோவில்பட்டியில் இருக்கிற என் மகனுக்குப் போன் போட்டேன். கொஞ்ச நாள் வந்து இருக்கட்டுமா என்று கேட்டேன். ஏன், என்னம்மா ஆச்சு என்றான். ஒன்றும் இல்லை, உன் வீட்டுக் கூரை ஒழுகாதே, அதற்காக என்றேன்.

கார்த்திகை 4, செவ்வாய்

படத்தைத் துடைக்கவில்லை.

கார்த்திகை 5, புதன்

விடிந்ததும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். நாச்சியாரம்மா முற்றத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்கள்.

“அம்மா, ஒங்க பேருலயே இருக்கட்டும். வாசல்ல பெருசா வைக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல.”

“பெறகு ஏன் ரெண்டு நாளா எனக்கு மோர்ல உப்பு போடல?”

“மறந்துட்டேன்.”

“நீயா?” என்றார்கள். “சரி, இங்கன உக்காரு. அந்தப் படம் சட்டம் போட்டு வந்த அன்னிக்கு அவுக பார்த்துட்டு என்ன சொன்னாகன்னு ஒனக்கு ஞாபகம் இருக்கா?”

அவுக என்றால் ஜமீன்தார். நாச்சியாரம்மாவின் வீட்டுக்காரர்.

“இல்லம்மா.”

“வடிவு.”

“ஞாபகம் இல்ல.”

அவர்கள் கீரைத்தண்டை ஒடித்தபடியே சொன்னார்கள். “நீ வெத்தலத் தட்டோட அவுக பக்கத்துல நின்ன. நான் கிராதிக்கு இந்தப் பக்கம் இருந்தேன். எனக்கும் காது இருந்துச்சு ஏட்டி.”

ஐம்பத்தெட்டு வருஷமாக இதை எங்கும் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. இவர்களுக்குத் தெரியக்கூடாது என்றுதான். இவர்களுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது. இனி எழுதலாம்.

பகலில் புருஷனும் பெண்டாட்டியும் முகம் பார்த்துப் பேசுவது அப்போது இந்த வீட்டில் வழக்கம் இல்லை. விளக்கைத் தணித்த பிறகு வருவார், விடியுமுன் போய்விடுவார். கல்யாணமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. அன்று படத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாமியார் செய்த ஏற்பாடு அவருக்குத் தெரியாது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு காரியஸ்தரிடம் காட்டி, “அப்படியே இருக்கா, என்னவே” என்றார். மறுபடியும் பார்த்து, “உலகம்மை அப்படியே இருக்கா” என்றார்.

நான் ஒரு முழ தூரத்தில் நின்றேன். அவர் என் முகத்தையும் பார்க்கவில்லை.

“அம்மா” என்றேன். முந்தானையால் கண்ணைத் துடைத்தேன்.

“அழாத. எனக்கு முதல்ல சிரிப்பு வந்துச்சு. பெறகு ஒரு மாசம் தூக்கம் வரல. பெறகு பழகிட்டு. அவுக என்ன செய்வாக, யாரும் காட்டலியே. நான் மன்னிச்சு எத்தனையோ வருஷம் ஆச்சு.” கீரையை முறத்தில் தள்ளினார்கள். “ஆனா அந்தப் படத்துக்குக் கீழ எம்பேரு இருக்கக்கூடாது. அவுக ஒருத்தர் ஏமாந்தது போதும். ஊரே வந்து ஏமாற வேண்டாம்.”

“கழத்திருவோம்மா.”

“எதுக்குக் கழத்தணும்? அழகாத்தான இருக்க. ஒன் பேரப் போடச் சொல்லுதேன்.”

மத்தியானம் மகேந்திரனும் ஜெசிந்தாவும் வந்தார்கள். நாச்சியாரம்மா சொன்னது: படம் இருக்கிற இடத்திலேயே இருக்கும். கீழே என் பேர். பக்கத்தில் அதே அளவில் ஒரு வெறும் சட்டம். அதன் கீழே அவர்கள் பேர்.

“வெறும் சட்டமா?” என்றான் மகேந்திரன். “பெரியம்மா, ஊர் சிரிக்கும்.”

“சிரிச்சுட்டு ஏன்னு கேப்பாங்கல்லா. சொல்லு.”

ஜெசிந்தா, “இப்போ ஒரு நல்ல படம் எடுத்துடலாமேம்மா. நானே ஆள் கூட்டிட்டு வர்றேன். வெறுமையா விட வேண்டாம்” என்றார். ஆசையாகத்தான் சொன்னார்.

“பார்க்க வேண்டிய வயசுல யாரும் பார்க்கல. இப்ப எவனுக்குக் காட்டணும்?”

மகேந்திரன் ஜமீன் மரியாதை, தாத்தா பேர் என்று என்னென்னவோ பேசினான். நாச்சியாரம்மா பேனாவை மூடி காகிதத்தின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டார்கள். அவன் காகிதத்தைப் பார்த்தான். பேனாவைப் பார்த்தான். அப்புறம் காப்பி கேட்டான். காப்பி கேட்டால் இறங்கிவிட்டான் என்று அர்த்தம். எட்டு வயதிலும் அடம் முடிந்தால் பால் கேட்பான். கொண்டுவந்து கொடுத்தேன். “வடிவு, சீனி போதும்” என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னான்.

கையெழுத்து ஆயிற்று. மோரில் உப்பு போட்டேன்.

கார்த்திகை 8, சனி

மகனுக்குப் போன் போட்டு வரவில்லை என்றேன். கூரையை ஆள் வைத்துச் சரிசெய்கிறார்கள்.

கார்த்திகை 15, சனி

திறந்தாயிற்று. இருநூறு பேருக்குக் குறையாது. எனக்குக் காலை நீட்ட நேரம் இல்லை.

வந்த பெண்கள் உள்கட்டில்தான் நெரித்தார்கள். கிராதியின் பின்னால் வரிசையில் நின்று ஒவ்வொருத்தியாகக் கண்ணை வைத்துப் பார்த்தார்கள். அதற்கப்புறம் கொலுக்கூடத்துக்குப் போய் வெளியே இருந்தும் பார்க்கச் சொல்லி நாச்சியாரம்மா ஒரு பலகை எழுதி வைக்கச் சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்துவிட்டுச் சில பேர் மறுபடியும் உள்ளே வந்து பார்த்தார்கள்.

படத்தின் கீழே ஜெசிந்தா இப்படி எழுதி வைத்திருக்கிறார்: ‘சுடலைவடிவு. ராணியின் தோழி. 1966-இல் ராணிக்குப் பதிலாகப் படத்துக்கு உட்கார்ந்தவர்.’ வெறும் சட்டத்தின் கீழே: ‘உலகம்மை நாச்சியார், ராணி. இவரைப் படமெடுக்க இந்த வீடு அனுமதிக்கவில்லை.’ தோழி என்று நான் சொல்லவில்லை. வேலைக்காரி என்று போட்டாலும் சரி என்றுதான் சொன்னேன். நாச்சியாரம்மா சொல்லியிருக்கிறார்கள்.

கோவில்பட்டியிலிருந்து மகன், மருமகள், பேத்தி ஆவுடை மூன்று பேரும் வந்தார்கள். ஆவுடை படத்துக்கு முன்னால் நின்று தன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். “ஆச்சி, இந்த மூக்கக் குடுத்தது நீதானா? நான் இத்தன நாளா அம்மாவத் திட்டிக்கிட்டிருந்தேன்.” மருமகள் இப்போதாவது இவளுக்குத் தெரிந்ததே என்பது போல என்னைப் பார்த்தாள். சேலை நன்றாக இருந்தது அவளுக்கு. சொல்லவில்லை.

நாச்சியாரம்மா கொலுக்கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்க வருகிறவர்களைப் பார்த்தார்கள். அவர்கள்தான் ராணி என்று ஒருத்தருக்கும் தெரியாது. சங்கரன்கோவிலிலிருந்து வந்த ஒரு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கால் அமுக்கிக்கொண்டு, “நீங்க எந்த ஊரு ஆச்சி?” என்று கேட்டாள்.

“இந்த ஊருதான்.”

“பாவம் அந்த ராணி. என்ன?”

“பாவம்தான். ஆனா நல்லாச் சாப்பிடுவா” என்றார்கள் நாச்சியாரம்மா. நான் சிரிப்பை அடக்க முடியாமல் தூணுக்குப் பின்னால் போனேன். அந்த அம்மா கொடுத்த வேர்க்கடலையை இரண்டு பேரும் உரித்துத் தின்றுகொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் அவர்களை இவ்வளவு சந்தோஷமாகப் பார்த்தது கிடையாது.

சாயந்திரம் கதவை அடைத்தபிறகு, ஜமீன்தார்கள் படத்துக்கெல்லாம் பூ வைக்கச் சொன்னார்கள். நல்ல நாள், யாரையும் விட வேண்டாம் என்றார்கள். வைத்தேன். வரிசையில் கடைசியாக இருக்கும் நாச்சியாரம்மா வீட்டுக்காரர் படத்துக்கும் வைத்தேன். நாச்சியாரம்மா மன்னித்துவிட்டார்கள், அது அவர்கள் பெரிய மனது. எனக்கு அவ்வளவு பெரிய மனது கிடையாது. நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப்போவதும் இல்லை. அவர் பேரையும் எழுதிவிடுகிறேன்: வேலங்குளம் ஜமீன்தார் பூதலிங்கத் துரை.